மடக்கு போனோடு வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டைப் பையிலிருந்து மடக்கு போனை எடுத்துத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: "இதெல்லாம் இன்னும் கிடைக்குதா?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வரும்: "ஜிபேக்கு என்ன பண்றீங்க?" அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சென்னைவாசி. அதனால் பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டியவை. என் கையில் இருப்பது நோக்கியா 2660 பிளிப். மற்ற மாடல்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மடக்கு போன் என்றால் சாம்சங் மடக்குகிற டச் போனா?

இல்லை. அது திரையையே மடக்கும் முழு ஆண்ட்ராய்டு போன். நான் சொல்வது மேலே திரை, கீழே பட்டன், நடுவில் கீல் உள்ள சாதாரண பட்டன் போன்.

இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது 1996இல் வந்த மோட்டோரோலா ஸ்டார்டாக். அதன் எடை வெறும் 88 கிராம். அப்புறம் 2004இல் ரேஸர் வி3 வந்தது. 14 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், அலுமினிய உடல், ஒரே தகடாக வெட்டிய பட்டன்கள். அந்தக் காலத்தில் கல்லூரியில் ஒருவர் கையில் அது இருந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். 2022இல் வந்த 2660 அவ்வளவு மெலிதில்லை, 123 கிராம் இருக்கிறது. ஆனால் 200 கிராம் டச் போனைச் சட்டைப் பையில் போட்டுப் பழகியவருக்கு இது இருப்பதே தெரியாது. குனிந்தால் பை தொங்காது, பைக்கில் உட்கார்ந்தால் தொடையில் குத்தாது.

புதிதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் 4ஜி இருக்கிறதா, அதில் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே அழைத்துப் பேசும் வசதி உண்டா என்று பாருங்கள். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் மடக்கு போன்களில் பல 2ஜி மட்டுமே உள்ளவை. ஜியோவிடம் 2ஜி கிடையாது. தொடங்கிய நாளிலிருந்தே அது 4ஜி நிறுவனம். ஆகவே அந்தப் போனில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. ஏர்டெல், வோடபோன் ஐடியா சிம்கள் இன்றைக்கு 2ஜியில் எடுக்கும். ஆனால் புதிதாகக் காசு போட்டு வாங்குகிறவர் அதை நம்பி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அலமாரியில் கிடக்கும் பழைய ரேஸரை எடுத்து ஓட்டலாமா என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். ஓட்டலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய போன்களுக்குப் பெரிய சிம் வேண்டும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துத் தள்ளும்போது அடியில் ஒட்டுத்தாள் இல்லாவிட்டால் சிம் நழுவி, உள்ளே இருக்கும் பித்தளைப் பின்கள் அடாப்டரின் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் பின் பிய்ந்துவிடும். அதற்கு மேல் சரிசெய்யச் சொன்னால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

இன்னொன்று தமிழ். இந்தியாவில் விற்கும் போன்கள் 22 இந்திய மொழிகளிலும் செய்தியைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் தட்டச்சு வசதி ஆங்கிலம், இந்தி, கூடவே ஏதாவது ஒரு இந்திய மொழி என்ற அளவில் இருந்தால் போதும். அந்த 'ஏதாவது ஒன்று' தமிழாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கடையிலேயே மெசேஜ் பக்கத்தைத் திறந்து தமிழில் ஒரு வரி அடித்துப் பாருங்கள்.

பழைய போன் வாங்கினால் திருட்டுப் பொருளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

\*#06# அடித்தால் ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு அனுப்பினால் அது எந்த மாடலுக்கு உரிய எண் என்று பதில் வரும். கையில் இருக்கும் மாடலும் பதிலில் வரும் மாடலும் வேறுவேறாக இருந்தால் வாங்காதீர்கள்.

சரி, ஜிபேக்கு என்ன செய்கிறீர்கள்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கிறவர்கள் நினைப்பதைவிட வழிகள் அதிகம், ஆனால் எதுவும் கியூஆர் ஸ்கேன் அளவுக்கு வசதியில்லை.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்கிறேன். முக்கால்வாசிச் செலவு அதிலேயே முடிகிறது. இப்போது கடைக்காரர்களிடம் சில்லறைத் தட்டுப்பாடு அதிகம். காலையிலிருந்து எல்லாரும் ஸ்கேன் செய்துவிட்டுப் போவதால் கல்லாவில் பத்தும் இருபதும் சேர்வதே இல்லை. டீக்கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் முகம் மாறுவது நியாயம்தான். அதனால் சில்லறை கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு. வங்கிக்குப் போகும்போது பத்து ரூபாய்க் கட்டு ஒன்று கேட்டு வாங்கி வைத்துவிடுவேன்.

பெரிய கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் டெபிட் கார்டு. 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் தட்டிவிட்டு வரலாம்.

பட்டன் போனிலிருந்தே யூபிஐ அனுப்பவும் முடியும். \*99# அடித்தால் எண் போட்ட ஒரு பட்டியல் வரும். பணம் அனுப்புவதைத் தேர்ந்தெடுத்து, பெறுபவரின் மொபைல் எண், தொகை, கடைசியில் யூபிஐ பின் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. இணையம் வேண்டாம், கட்டணமும் இல்லை. யூபிஐ பின் இதுவரை வைக்காதவர்கள் டெபிட் கார்டின் கடைசி 6 எண்களையும் காலாவதி மாதத்தையும் கொடுத்து இதிலேயே வைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால், யோசித்துக்கொண்டே நின்றால் இணைப்பு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லா நிறுவன சிம்மிலும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: இதில் பின் எண் புள்ளியாக மறையாது, அடித்த எண் அப்படியே திரையில் தெரியும். கடையில் நின்று அடிக்கும்போது மேல் மடலைப் பாதி சாய்த்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாது. இந்த விஷயத்தில் மடக்கு போன் மற்ற பட்டன் போனைவிட மேல்.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யூபிஐ 123பே இன்னொரு வழி. குறிப்பிட்ட எண்ணுக்குப் பேசி, குரல் சொல்லும் வரிசைப்படி பட்டனை அழுத்திப் பணம் அனுப்பலாம். 2025 தொடக்கத்திலிருந்து இதன் உச்சவரம்பு 10,000 ரூபாய். எண்ணை உங்கள் வங்கியின் இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணையோ கூகுளில் முதலில் வரும் எண்ணையோ நம்பிப் பின்னை அழுத்தக் கூடாது.

ஓடிபி வருமா?

தாராளமாக. எஸ்எம்எஸ்ஸாக வரும் எல்லா ஓடிபியும் வரும். கணினியில் நெட் பேங்கிங் திறந்து பக்கத்தில் மடக்கு போனை வைத்துக்கொண்டால் வங்கி வேலை முழுக்க முடிந்துவிடும். செயலிக்குள் மட்டும் ஒப்புதல் கேட்கும் வங்கிகள் சில உண்டு. சிம்மை மாற்றும் முன்பே உங்கள் வங்கி எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் இல்லாமல் எப்படி?

2660 மாதிரியான போன்களில் வாட்ஸ்அப் கிடையாது. 2019இல் வந்த நோக்கியா 2720 பிளிப், பட்டன் போன்களுக்கான இயங்குதளமான கைஓஎஸ்ஸில் ஓடியது, அதில் வாட்ஸ்அப் இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலைய வேண்டாம். 2024 ஜூனில் கைஓஎஸ் செயலிக் கடையிலிருந்து வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டார்கள், 2025 தொடக்கத்தோடு ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் நின்றுவிட்டது.

வாட்ஸ்அப்பையே விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். பிள்ளையின் வகுப்புக் குழு, குடியிருப்போர் சங்கக் குழு, அலுவலகக் குழு என்று ஊரே அதில்தான் இருக்கிறது. நாளை தண்ணீர் லாரி வராது என்பதைக்கூட அதில்தான் போடுகிறார்கள். என் ஏற்பாடு இது: இரண்டு சிம். எல்லாருக்கும் தெரிந்த எண், வங்கி எண், இரண்டும் ஒன்றே. அது மடக்கு போனில். இன்னொரு சிம் வீட்டு மேசையில் இருக்கும் டச் போனில். வாட்ஸ்அப் அதில்தான் ஓடுகிறது. அந்த எண்ணோடு சேர்த்துத் தனியாக ஒரு சிறு சேமிப்புக் கணக்கும் உண்டு. வீட்டிலிருந்து யாருக்காவது யூபிஐ அனுப்ப அது உதவுகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து குழுக்களைப் பார்த்துப் பதில் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரே சிம்மை வைத்துக்கொண்டு, டச் போனில் வைஃபை வழியாக மட்டும் வாட்ஸ்அப் ஓட்டுகிறவர்கள் பலர். பதிவு ஓடிபி மடக்கு போனுக்கு வரும், அதை டச் போனில் அடித்தால் போதும் என்பதால் இது எளிதாக இருந்தது. ஆனால் 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை இட்ட உத்தரவு, பதிவு செய்த சிம் இருக்கும் கருவியில்தான் இந்தச் செயலிகள் ஓட வேண்டும் என்கிறது. கணினியில் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப்பையும் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்றச் சொல்கிறது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டு சிம் வழியில் போவதே நல்லது. மாதம் ஒரு ரீசார்ஜ் கூடுதல் செலவுதான். அதை மறைக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர்களுக்கு இது தொல்லையில்லையா?

இந்தக் கேள்வியை என் மனைவியிடமும் கேட்டிருக்கிறார்கள். இதற்குத்தான் நான் மிகவும் யோசித்துப் பதில் சொல்வேன்.

மடக்கு போனுக்கு மாறியவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் கூட இருப்பவர் நிம்மதியாக இல்லை. ஆட்டோ புக் செய்வது மனைவி. ஓட்டலில் ஸ்கேன் செய்வது நண்பர், "அப்புறம் தர்றேன்" என்று ஒரு வார்த்தை மட்டும் இவர். பள்ளிக் குழுவைப் பார்த்து நாளைக்கு என்ன நிறச் சட்டை என்று சொல்வதும் மனைவிதான். இவருடைய டச் போன் வேலையெல்லாம் இன்னொருவர் தலையில் ஏறிவிட்டது. அதிலும் வீட்டுப் பெண்கள் தலையில் அதிகமாக ஏறுகிறது. இப்படி ஒருவர் மடக்கு போன் வைத்திருந்தால் அதைப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் வீட்டு ஏற்பாடு எளிது. என் வேலை எனக்கு. பள்ளிக் குழுவில் நானும் இருக்கிறேன், ராத்திரி பார்த்துப் பையை எடுத்து வைப்பது என் பொறுப்பு. வெளியே போகும்போது வண்டி வேண்டுமென்றால் ஸ்டாண்டுக்குப் போன் போட்டுச் சொல்வேன். எங்கள் பகுதி ஆட்டோ ஓட்டுநர்கள் மூன்று பேர் எண் ஸ்பீடு டயலில் இருக்கிறது. நண்பர்களோடு சாப்பிடப் போனால் ரொக்கத்தை அங்கேயே கொடுத்துவிடுவேன். தாமதமாகும் என்றால் ஒரு எஸ்எம்எஸ். லைவ் லொகேஷன் அனுப்ப முடியாத நானே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், வீட்டில் இருப்பவர் பதறக் கூடாது.

தமிழில் எஸ்எம்எஸ் அடிக்க முடிகிறதா?

முடிகிறது. பழகும்வரை பொறுமை வேண்டும். கூடவே கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் அடித்தால் அது 70 ஆகக் குறைந்துவிடும். அந்த 70லும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்பது நம் கண்ணுக்கு 12 எழுத்து. போனுக்கு அது இடைவெளியையும் சேர்த்து 24. வ, ஈகாரக் குறி, ட, புள்ளி, மறுபடி ட, உகரக் குறி என்று அது எண்ணிக்கொண்டே போகும். இரண்டு வரி எழுதினாலே இரண்டு எஸ்எம்எஸ். பெரும்பாலான திட்டங்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் இருப்பதால் இது பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் போனால் காசு பிடிக்கும்.

அம்மாவுக்குத் தமிழில் அனுப்புகிறேன், மற்றவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ். நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். இப்படித்தான் பழைய நண்பர்கள் இரண்டு மூன்று பேரோடு மறுபடி பேச்சு ஓட ஆரம்பித்தது.

பஸ், ரயில், மெட்ரோ?

மாநகரப் பேருந்தில் நடத்துநரிடம் காசு கொடுத்தால் டிக்கெட். சென்னை மெட்ரோவில் ஏறுகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மாநகரப் பேருந்திலும் அது செல்லும். ரயில் முன்பதிவைக் கணினியில் செய்தால் வரும் எஸ்எம்எஸ்ஸும் அசல் அடையாள அட்டையும் போதும், பரிசோதகர் ஏற்றுக்கொள்வார். ரயில் எங்கே வருகிறது என்று கேட்க 139. அந்த எஸ்எம்எஸ்ஸைப் பயணம் முடியும்வரை அழித்துவிடாதீர்கள்.

வழி தெரியாத இடத்துக்குப் போனால்?

கிளம்பும் முன் கணினியில் வரைபடத்தைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி, டாஸ்மாக் எதுவாக இருந்தாலும் இரண்டு அடையாளங்களைத் தாளில் குறித்துக்கொள்வேன். போய்ச் சேர்ந்த பிறகு விசாரிப்பதுதான். அயர்ன் வண்டிக்காரரைக் கேளுங்கள், தெருவில் எந்தக் கதவு எண்ணில் யார் இருக்கிறார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும்.

கேஸ், கரண்ட் இதற்கெல்லாம் செயலி வேண்டாமா?

இண்டேன் சிலிண்டருக்குப் பதிவு செய்த எண்ணிலிருந்து 84549 55555க்கு மிஸ்டு கால் போதும். கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. இவை இரண்டையும் போன் புத்தகத்தில் முதலில் சேமியுங்கள்.

கீல் சீக்கிரம் போய்விடுமாமே?

தவறான பழக்கம் இருந்தால் போகும். இந்தப் போனின் உயிர் கீலில் இருக்கிறது. மேல் மடலையும் கீழ் மடலையும் இணைப்பது கீல் குழாய்க்குள் சுருண்டு ஓடும் ஒரு மெல்லிய பிளெக்ஸ் கேபிள். திரைக்கும் பேச்சு ஸ்பீக்கருக்கும் போகும் தடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது வளைந்து நிமிர்கிறது. அது நைந்து வருவதற்கு அறிகுறி உண்டு. பாதி திறந்தால் திரை தெரியும், முழுக்கத் திறந்தால் வெள்ளையாகிவிடும். அல்லது எதிர்முனைப் பேச்சு ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும் கேட்கும். இப்படி ஆனால் திரை போய்விட்டது என்று கடையில் சொல்லித் திரையை மாற்றச் சொல்லாதீர்கள், பிளெக்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டை விரலால் நெம்பி 'டக்'கென்று ஒரு கையில் விசிறித் திறப்பது பார்க்க அழகுதான், ஆனால் மடல் போய் நிற்கும் இடத்தில் மொத்த அடியும் கீலின் சிறு பிளாஸ்டிக் முனையில் விழுகிறது. இரண்டு கையால் திறந்து பழகுங்கள். பேசும்போது போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு. அந்த அழுத்தம் மடலைப் பின்பக்கம் தள்ளும். வேண்டாம். கடற்கரைக்குப் போனால் பையிலேயே இருக்கட்டும். மெரினா மணல் ஒரு துகள் கீலுக்குள் போனாலும் திறக்கும்போது நறநறவென்று கேட்கும்.

மூடினால் அழைப்பு துண்டிக்கப்படுவதற்குக் காரணம் மேல் மடலில் ஒளிந்திருக்கும் பொட்டுக் காந்தமும், கீழே அதை உணரும் ஒரு சென்சாரும். அதனால் காந்த மூடி வைத்த பர்ஸ், பவுச் பக்கத்தில் வைத்தால் திறந்த போனே தன்னை மூடியதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும். போன் கெட்டுவிட்டது என்று பயப்படும் முன் பவுச்சைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?

என் போனில் 1,450 எம்ஏஎச் பேட்டரி. அளவாகப் பேசினால் இரண்டு மூன்று நாள் கவலையில்லை. சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் சீக்கிரம் இறங்கும், 4ஜி கோபுரத்தைத் தேடியே சக்தி தீர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வீங்கிய பேட்டரியை மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. பின் மூடி சரியாக உட்காரவில்லை என்றால் கழற்றி மேசைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், பம்பரமாகச் சுற்றினால் மாற்றிவிடுங்கள்.

கேமரா?

0.3 மெகாபிக்ஸல். ரசீதைப் படமெடுத்தால் எழுத்து தெரியாது. படம் வேண்டுமென்றால் தனிக் கேமரா எடுத்துப் போங்கள்.

வயதான அம்மா அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

தரலாம், அவர்களுக்கு விருப்பம் இருந்தால். என் அம்மாவுக்கு இது பிடித்ததற்குக் காரணங்கள் தெளிவு. திறந்தால் பேச்சு, மூடினால் முடிந்தது. பச்சைப் பட்டனா சிவப்புப் பட்டனா என்ற குழப்பமே இல்லை. எண்கள் பெரியவை. மூடியிருப்பதால் பைக்குள் தானாக யாருக்கும் அழைப்பு போகாது. காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள், அதோடு ஒத்துப்போகும் என்று குறிப்பிட்டுள்ள மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். 2660 அந்த ரகம்தான். இல்லாவிட்டால் பேசும்போது 'ர்ர்ர்' என்று இரையும்.

அவசரத்துக்கு இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, இந்த மாடலில் இருக்கும் தனி அவசர பட்டன். முன்பே பதிந்து வைத்த எண்களுக்கு அது அழைக்கும். அப்பா அம்மாவிடம் கொடுக்கும் முன் பிள்ளைகள் எண்ணைப் பதிந்து, ஒரு முறை அழுத்திக் காட்டுங்கள். இரண்டு, 2017 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீளமாக அழுத்தினால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும் என்பது விதி. ஆகவே ஸ்பீடு டயலில் அந்த இரண்டு எண்ணிலும் யாரையும் வைக்காதீர்கள்.

விருப்பம் இருந்தால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பேரனை வீடியோவில் பார்ப்பதும் காலையில் யூடியூபில் பக்திப் பாட்டு கேட்பதும் பெரியவர்கள் பலருக்கு அன்றாடத்தின் பெரும்பகுதி. "உங்களுக்கு இது போதும்" என்று டச் போனைப் பிடுங்கிவிட்டு இதைக் கொடுப்பது அநியாயம்.

பழைய போனில் இருக்கும் எண்களை எப்படி மாற்றுவது?

புளூடூத் வழியாகத் தொடர்புகளை மொத்தமாக அனுப்பலாம். சிம்மில் சேமித்து மாற்றும் வழி தமிழில் பெயர் எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவராது. சிம்மில் பெயருக்கான இடம் சிறிது, தமிழ் எழுத்து இரட்டிப்பு இடம் பிடிக்கும். பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, 'மீனாட்சி அத்தை'யும் 'மீனாட்சி டீச்சர்'ரும் வெறும் 'மீனாட்சி' ஆகிவிடுவார்கள்.

இதில் மோசடிக்காரர்களிடமிருந்து தப்பிக்கலாமா?

பாதி. போலீஸ் சட்டை போட்டுக்கொண்டு வீடியோவில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' ஆட்கள் மடக்கு போனில் முகம் காட்ட முடியாது. கல்யாணப் பத்திரிகை என்று அனுப்பும் வைரஸ் கோப்பும் ஓடாது. ஆனால் குரலால் ஏமாற்றுவது அப்படியே இருக்கிறது. ஓடிபியைக் கேட்டு வாங்குவதற்கு டச் போன் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விளம்பர அழைப்புகளை நிறுத்த START என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 0 சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். முழுக்க நிற்காது, குறையும்.

யாருக்கு இது ஒத்துவராது?

உணவு, பார்சல் கொண்டுபோகும் தோழர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வியாபாரம் செய்கிற பெண்கள் ஆகியோருக்கு டச் போன்தான் கடை, பட்டறை எல்லாம். அவர்களிடம் போய் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சைகை மொழியில் வீடியோவில் பேசுகிறவர்களுக்கும் பயனில்லை. அலுவலகக் கணக்கில் நுழைய ஒப்புதல் செயலி கட்டாயம் என்றால், அதை அலுவலக மேசையில் ஒரு கருவியில் வைக்க அனுமதிப்பார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மேசையில் உட்கார்ந்து வேலை, வீட்டில் கணினி, கையில் கொஞ்சம் ரொக்கம் என்று வசதி உள்ளவர்களுக்குத்தான் இது எளிதில் அமையும். நானும் அந்த வசதி உள்ளவன்தான்.

இவ்வளவு சுற்றி வளைத்து என்ன லாபம்?

வெளியில் இருக்கும் நேரம் எனக்கு மிஞ்சுகிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் ஜன்னலைப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டாக வாங்கி அடுக்கி வைத்த புத்தகங்களில் பாதியை மின்சார ரயிலிலேயே படித்துவிட்டேன். பிள்ளை பேசும்போது நடுவில் கை பைக்குள் போவதில்லை. அதை அவள் கவனித்து, பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். இதற்காக மாதம் ஒரு ரீசார்ஜும் பத்து ரூபாய்க் கட்டும் எனக்குப் பெரிய விலையாகத் தெரியவில்லை.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த நாளில் சிம்மை மாற்றுவது?

இருக்கும் சிம் அப்படியே பொருந்தினால் எந்த நாளும் சரி. இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. மடக்கு போனில் இ-சிம் போட முடியாது, கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் சிம்மாக மாற்றி வாங்க வேண்டும். சிம்மை மாற்றி வாங்கினால் மோசடியைத் தடுப்பதற்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். பேசலாம், ஆனால் ஓடிபி வராது. ஆகவே பள்ளிக் கட்டணம், வீட்டுக்கடன் தவணை, தட்கல் டிக்கெட் எதுவும் அடுத்த நாள் இல்லாத தேதியாகப் பாருங்கள். எனக்குச் சனிக்கிழமை மாலை வசதியாக இருந்தது. கடைக்குப் போகும்போது அசல் ஆதார் அட்டையையும், ஏடிஎம்மிலிருந்து கொஞ்சம் ரொக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.